இரண்டில் ஒன்று

எங்கள் வீட்டில் யார் மீதிச் சில்லறை வாங்கினாலும்
பின்னாலிருந்து ஒரு குரல் வரும்:
"எண்ணிப் பார், ஓல்ட்ராய்டாக இருக்கப் போகிறான்."

ஓல்ட்ராய்டு ஒரு நிலக்கரிக்காரன்.
பிரிக்ஹவுஸில் ஒற்றைக் குதிரை வண்டி.
இரண்டு மூட்டைக்குக் காசு வாங்கிக்கொண்டு
ஒன்றை மட்டும் இறக்கிவிட்டுப் போனவன்.
இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று
என் கொள்ளுத்தாத்தா சேத் ஆம்ப்ளர்
பாலம்வரை துரத்திப் போய்
தொப்பியோடு அவனைக் கால்வாயில் தள்ளினார்.

கிறிஸ்துமஸ்தோறும் கிளெம் சித்தப்பா
குழம்புக் கரண்டியால் தள்ளிக் காட்டுவார்.
மேசைவிரிப்பில் கறை விழும் இடத்தில்தான்
ஓல்ட்ராய்டு விழுந்தான் என்று
ஆறு வயதில் நம்பியிருந்தேன்.

கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு
எனக்கு மாலைகள் மிஞ்சின.
சிலர் ரோஜா வளர்ப்பார்கள்.
நான் அவனைத் தேடினேன்.

நூலகத்தின் நுண்படச் சுருளைச் சுற்றிச் சுற்றிக்
கண்ணில் மணல் அரித்தது.
வணிகர் கையேட்டில் மூன்று ஓல்ட்ராய்டுகள்:
ஒருவர் பன்றி இறைச்சி,
ஒருவர் தொப்பி,
மூன்றாமவர் ஜேபஸ், நிலக்கரி, ஆலைத் தெருப் பின்சந்து.
அடுத்த கையேட்டில் தொப்பிக்காரர் இருக்கிறார்.
பன்றிக்காரர் கடையைப் பெரிதாக்கியிருக்கிறார்.
ஜேபஸ் இல்லை.

மூழ்கிப்போனானோ?
ஒரு நிமிடம் கொள்ளுத்தாத்தா கொலைகாரர் ஆனார்.
சொல்லக் கூடாது,
கொஞ்சம் குதூகலமாகத்தான் இருந்தது.

திவாலாகியிருந்தான், அவ்வளவுதான்.
வேக்ஃபீல்டு காப்பகத்தில் ஒரு கோப்பு.
நாடா முடிச்சை அவிழ்க்க நகம் இல்லை எனக்கு,
கடித்துத் தீர்த்திருந்தேன்.
உள்ளே வரவேண்டிய பாக்கிகள், அவன் கையெழுத்தில்,
ஒவ்வொரு வரியும் மேடேறும் வண்டிபோல
வலப்பக்கம் உயர்ந்து உயர்ந்து:

விதவை ஹெப்பில்வைட், மூன்று மூட்டை, கேட்க வேண்டாம்.
ஞாயிறு பள்ளி, நான்கு.
எஸ். ஆம்ப்ளர், பதினொரு வாரம்,
இரண்டு எடுத்து ஒன்றுக்கே கொடுத்த வகையில்
ஒரு பவுண்டு ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ்.
ஓரத்தில் பென்சிலால்:
இனி இவருக்கு ஒன்றே.

சுரங்கங்கள் மூடிக்கிடந்த வருடம் அது.
பதினொரு வாரம் எங்கள் அடுப்பு எரிந்திருக்கிறது.
அந்தச் சூட்டில் உலர்ந்த துணிகளில் ஒன்று
என் தாத்தாவின் இடுப்புத் துணியாக இருக்கலாம்.
காப்பகத்தில் இருமக் கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

சித்தப்பாவுக்கு போன் செய்தேன்.
"அது வேறு ஓல்ட்ராய்டு" என்றார்.
வைத்துவிட்டார்.

ராஸ்ட்ரிக்கில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை,
பிரையனி ஓல்ட்ராய்டு, நான்காம் தலைமுறை.
எனக்கு நாய் கிடையாது.
தங்கையின் ஸ்பானியலைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன்
(கடன், எங்களுக்குப் பழக்கம்தான்).

"ஜேபஸா?" கத்தரியை நிறுத்தினாள்.
"குதிரை கால்வாயில் விழுந்தபோது
கூடவே குதித்தவர். குதிரை பிழைத்தது.
தொப்பிதான் போச்சு."
யாரும் தள்ளவில்லையா என்று கேட்டேன்.
"ஏன் தள்ளணும்?" என்றாள்,
நாயின் காதுக்குள் பஞ்சு விட்டபடி.

ஒரு பவுண்டு ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ்
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
அதற்குள் ஸ்பானியல் உடம்பை உதறியது.
சுவர், அவள், நான், எல்லாம் நனைந்தோம்.
சொல்லவில்லை.

முப்பத்தெட்டு பவுண்டு என்றாள்.
இரண்டு இருபதுகளை நீட்டி
மீதி இருக்கட்டும் என்றேன்.
எங்கள் வம்சத்தில் யாரும் சொல்லாத சொல்.
"வேண்டாங்க, கணக்கு கணக்காவே இருக்கட்டும்,"
ஈரக் கையால் என் கையை மூடிவிட்டாள்.

தெரு திரும்பும்வரை திறக்கவில்லை.
பாலத்தருகே நாய் நின்று தண்ணீரைப் பார்த்தது.
உள்ளங்கையை விரித்தேன்.
கட்டைவிரல் என்னைக் கேட்காமலே
நகர்ந்து தொட்டது,
ஒன்று.
இரண்டு.